திருவிருந்துக்கு எழாதவர்

எங்கள் ஆலயத்தில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. அப்பமும் திராட்சரசமும் வாங்க வரிசை வரிசையாக எழுந்து முன்னால் செல்வார்கள். முதலில் ஆண்கள் பக்கம், பிறகு பெண்கள் பக்கம். மனத்தில் குற்றம் உள்ளவர் எழாமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். யாரும் அவரிடம் காரணம் கேட்பதில்லை. கேட்காமலேயே ஆளுக்கொரு காரணத்தை வைத்துக்கொள்வார்கள். அவர் ஒருநாள் எழுந்து போய்விட்டால் விஷயம் தீர்ந்தது என்று பொருள்.

சென்ற ஆண்டு ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் ஆகிய மூன்று மாதங்களின் முதல் ஞாயிறுகளிலும் என் அப்பா எழவில்லை.

முதல் முறை, காலில் ஏதோ சுளுக்கு என்று நினைத்தேன். இரண்டாம் முறை, பெண்கள் பக்கத்தில் எனக்கு முன்னிருந்த இருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதைக் கண்டேன். மூன்றாம் முறை, பக்கத்தில் இருந்த அம்மாவின் கழுத்து அசையாமல் நிமிர்ந்திருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பாமல் இருப்பதற்காக எவ்வளவு வலுவைச் செலவிட்டாள் என்பது எனக்குத்தான் தெரியும்.

நாங்கள் மூன்று பேர். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். அம்மா தொடக்கப்பள்ளி ஆசிரியை. அப்பா ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஃபிட்டர். ஓடும் இயந்திரத்தின் மேல் திருப்புளியின் நுனியை வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக் கேட்டு, இந்தப் பேரிங் இன்னும் பத்து நாள் தாங்கும் என்று சொல்லக்கூடியவர். பாடகர் குழுவில் இருபது ஆண்டுகளாகக் கீழ்க்குரல் அவருடையது. நான் ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் முதுகலைத் தமிழ் படிக்கிறேன். ஒரே செய்யுள் இரண்டு சுவடிகளில் இரண்டு விதமாக இருந்தால் எது மூலம் என்று முடிவு செய்யும் முறையை அந்த ஆண்டுதான் கற்றுக்கொண்டிருந்தோம். சான்று இல்லாமல் வாய் திறக்கக் கூடாது என்பது எங்கள் பேராசிரியையின் கண்டிப்பு. ஆகவே அப்பாவைப் பற்றியும் நான் சான்று திரட்டினேன். வகுப்புக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கங்களை அதற்கு ஒதுக்கினேன்.

பகல் ஷிஃப்ட் மூன்றரைக்கு முடியும். நாலேகாலுக்குள் வீட்டில் இருக்க வேண்டியவர் ஆறு மணிக்கு வந்தார். சில நாள் ஆறரைக்கு. கேட்டால், வேலை இருந்தது என்பார். கூடத்து மின்விசிறி கரகரத்தது. முன்பு என்றால் அன்றே ஏணி போட்டுக் கழற்றியிருப்பார். அந்த மாதம் அதைப் பார்த்து, “அந்தச் சனியன நிப்பாட்டு” என்று கத்திவிட்டு, வேர்வையில் நனைந்தபடி உட்கார்ந்திருந்தார். கழற்றவில்லை. கத்திய பிறகு அவரே திடுக்கிட்டது போல் இருந்தது. தலைவலி என்று தைலம் தேய்த்தார், பிறகு முதுகுவலி, பிறகு மறுபடியும் தலைவலி. குடும்ப ஜெபத்தில் தம் முறை வரும்போது சொந்த வார்த்தையில் ஜெபித்துவந்தவர், கர்த்தருடைய ஜெபத்தை வேகமாகச் சொல்லி முடித்துக்கொண்டார். கைபேசி ஒலித்தால் எடுத்துக்கொண்டு தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போனார்.

இவ்வளவும் குறித்தேன். ஆகஸ்ட் கடைசியில் இன்னொன்று சேர்ந்தது. அப்பாவின் பாட்டுப் புத்தகம், நான்கு குரல்களுக்கும் சுரக்குறிப்பு அச்சிட்ட பழைய புத்தகம், பாடகர் குழுவில் இன்னொருவர் கையில் இருந்தது. ஓரங்களில் அப்பா பென்சிலால் போட்ட மூச்சுக்குறிகள் அதில் இருந்தன. அதை அவர் எனக்கே இரவல் தந்ததில்லை. “அப்பாதான் வச்சுக்கிடச் சொன்னாங்க” என்றார் அவர். குழுவிலிருந்து விலகுவதற்கான முன்னேற்பாடு என்று எழுதி, அடியில் கோடு போட்டேன்.

அம்மா தன் வழியில் ஆராய்ந்திருந்தாள். துவைக்கப் போடும் சட்டைகளை முகர்ந்து பார்ப்பதைக் கண்டேன். நான் பார்த்துவிட்டதை அவளும் பார்த்தாள்.

“வாடை ஒண்ணும் இல்லட்டி” என்றாள். “குடிச்சிருந்தாக்கூட இதுதான்னு மனசு ஆறியிருக்கும்.”

குடி இல்லை என்றால் மிச்சம் இருப்பது ஒன்றுதான் என்று இருவரும் சொல்லாமலே எண்ணினோம். செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை அப்பா குளிக்கப் போயிருந்தபோது அவருடைய கைபேசியைப் பார்த்தேன். ஒரே எண்ணிலிருந்து வாரத்துக்கு நான்கு அழைப்புகள். பெயர் போட்டுச் சேமிக்கவில்லை. என் கைபேசியிலிருந்து அதற்கு அழைத்தேன். ஒரு பெண் எடுத்தாள். முதலில் “எவரு?” என்று தெலுங்கில் கேட்டு, பிறகு, “யாருங்க பேசுறது?” என்றாள். ஒன்றும் பேசாமல் துண்டித்தேன்.

அதை அம்மாவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது என்று இப்போது எழுதுவது எளிது. அன்று, நான் கண்டுபிடித்துவிட்ட நிறைவோடு சொன்னேன். அதுவும் உண்மை, அதையும் எழுத வேண்டும்.

அம்மா ஈரக் கையை முந்தானையில் இரண்டு முறை துடைத்தாள். மாலையில் பெண்கள் சங்கத் தலைவி வீட்டுக்குப் போனாள். வரும் வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் என்று முடிவாயிற்று. இத்தகைய கூட்டங்கள் எனக்குத் தெரியும். பாட்டும் வேதவாசிப்பும் முடிந்த பிறகு, தலைவி வீட்டுக்காரரைப் பார்த்து, மனத்தில் உள்ளதை ஆண்டவர் முன் சொல்லிவிடும்படி கேட்பார். சொன்னவர் அழுவார், எல்லாரும் அழுவார்கள், அடுத்த முதல் ஞாயிறு அவர் திருவிருந்துக்கு எழுந்து போவார். தீமை நினைத்து யாரும் செய்வதில்லை. அம்மாவின் நம்பிக்கையும் அதுதான்: ஒருமுறை வாய் திறந்து ஒப்புக்கொண்டால் போதும், மன்னித்துவிடலாம்.

கூட்டத்துக்கு முன் கண்ணால் கண்ட சான்று ஒன்று வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. புதன்கிழமை கடைசி வகுப்பை விட்டுவிட்டு, ராஜபாளையம் பழைய பேருந்து நிலையத்துக்குப் போனேன். செய்தித்தாள் கடைக்குப் பக்கத்துத் தூணுக்குப் பின்னால் நின்றேன்.

மூன்றே முக்காலுக்கு அப்பா வந்தார். தனியாகத்தான் வந்தார். சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து, சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டார். மதுரை வண்டி வந்தது. நடத்துநர், வில்லிபுத்தூர் வில்லிபுத்தூர் என்று கூவினார். அப்பா எழுந்து படி வரை போனார். பின்னால் வந்தவர் ஏற வழிவிடுவது போல் ஒதுங்கினார். வண்டி போயிற்று. திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார். இரண்டாவது வண்டிக்கும் எழுந்தார். மூன்றாவதற்கு எழவில்லை. நான்கு, ஐந்து என்று எண்ணிக்கொண்டிருந்தேன். யாருக்காகவோ காத்திருக்கிறார் என்ற என் எண்ணம் ஐந்தாவது வண்டி வரை இருந்தது. ஆனால் காத்திருப்பவர் நிமிர்ந்து பார்ப்பார், கைபேசியை எடுப்பார், வெற்றிலை பாக்காவது வாங்குவார். அப்பா தரையைப் பார்த்தபடி இருந்தார். ஷிஃப்ட் முடிந்தும் நிற்காமல் ஓடும் இயந்திரத்தின் முன் நிற்பவர் போல, எதையோ கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றுதான் தோன்றியது.

ஐந்து மணிக்கு ஒருவர் மொபெட்டில் வந்து இறங்கினார். அப்பாவின் வயதுக்குக் கொஞ்சம் குறைவு, மில் சட்டை. இரண்டு டீ வாங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் பேசினார், அப்பா பேசவில்லை. அப்பாவின் டீ ஆறி ஆடை கட்டியது. அடுத்த வண்டி வந்ததும் அந்த மனிதர் அப்பாவின் மடியிலிருந்த பையை எடுத்துக்கொண்டு ஏறி, ஜன்னலோர இருக்கையில் வைத்துவிட்டு இறங்கினார். பையைப் பின்தொடர்ந்து அப்பா ஏறினார்.

வண்டி நகர்ந்த பிறகு அவர் நேராகத் தூணுக்கு வந்தார்.

“நீங்க அண்ணனோட மகதான? நான் வந்ததுலருந்து ஒளிஞ்சு நிக்கிறீங்க” என்றார். “சனிக்கெழம போனப் போட்டுட்டு வச்சது நீங்கதானாம்மா? எவளோ ஒருத்தி மூச்சு விட்டுட்டு வச்சுட்டான்னு எங்க வீட்டம்மா நாலு நாளா என்னைய விசாரிக்கிறா.”

எனக்கு முகம் சூடாயிற்று. ஆனாலும் நம்பவில்லை. கெட்டிக்காரர்கள் இப்படித்தான் முந்திக்கொண்டு பேசுவார்கள் என்று நினைத்தேன். எங்கப்பாவுக்கு என்ன, ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்டேன்.

அதற்குப் பதிலாக அவர் தம் கதையைச் சொன்னார். அவரும் அதே மில். நான்கு வருடத்துக்கு முன் தமக்கும் இப்படி வந்தது என்றார். தூக்கம் போயிற்று, பசி போயிற்று, வந்தது கோபம் ஒன்றுதான். வீட்டில் குட்டியிலிருந்து வளர்த்த ராஜபாளையம் நாய் சோற்றுக்கு நின்றதற்காக அதை அடித்திருக்கிறார்.

“நான் அழுகலம்மா” என்றார். “அழுதிருந்தா யாராச்சும் கண்டுபிடிச்சிருப்பாக. ஆம்பள எரிஞ்சு எரிஞ்சு விழுந்தா திமிருன்னுதான் நெனப்பாக. மூட்டுவலி டாக்டர்ன்னு பொய் சொல்லித்தான் எங்க வீட்டம்மா என்னைய மனநல டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனா.”

எந்த மருத்துவமனை, என்ன கிழமை, எத்தனை மாதம் மருந்து சாப்பிட்டீர்கள், இப்போது நிறுத்தியாயிற்றா என்று அடுக்கிக் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் விடை சொன்னார். நான் குறிப்பேட்டில் எழுதுவதைப் பார்த்து, போலீஸ் ஸ்டேஷனில் எழுதுவது போல் இருக்கிறது என்றார். அப்பாவை இரண்டு மாதமாக அந்த டாக்டரிடம் கூப்பிட்டுப் பார்க்கிறாராம். எனக்கு நோய் ஒன்றும் இல்லை, நான்தான் சரியில்லை என்பதே அப்பாவின் பதிலாம். வீட்டுக்குப் போக வேண்டும் என்றால் உடம்பு எழ மறுக்கிறதாம். போனால் எங்கள் இருவர் முகத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறதாம். அதனால்தான் இவர் மூன்றரைக்குப் பிறகு ஒரு வேலையை முடித்துவிட்டு வந்து, பையைத் தூக்கி வண்டியில் வைக்கிறார்.

பாட்டுப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டதைச் சொன்னேன். அதுவரை இருந்த இலகுவான குரல் அவரிடம் மாறியது.

“ஆசையா வச்சிருந்தத ஒருத்தர் சும்மா தூக்கிக் குடுத்தா அத விட்டுறக் கூடாதும்மா. சாகணும்னு தோணுதான்னு நேராக் கேட்டுருங்க. கேட்டா தோணிரும்னு பயப்படாதீங்க. என்ட்ட யாராச்சும் கேக்க மாட்டாகளான்னு நான் இருந்தேன்.”

பிறகு வெள்ளிக்கிழமைக் கூட்டத்தைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு எங்கள் ஆலய வழக்கம் தெரியாது, விளக்க வேண்டியிருந்தது. கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

“அன்னிக்கு ஒங்கப்பாட்ட என்ன கேட்டாலும் ஆமான்னுதான் சொல்வாரு. ஊர்ல இருக்கிற அம்புட்டுப் பாவத்தையும் தான் பண்ணுனதா ஒத்துக்கிடுவாரு. அந்த நெலமைலதான் இருக்காரு.”

வீடு திரும்பும் வழியில் அந்த வாக்கியத்திலேயே நின்றேன். நான் திரட்டிய சான்றுகள் எல்லாம் சரியானவை. ஒன்றிலும் பிழை இல்லை. அவற்றை வைத்து நான் எழுதிய உரைதான் பொய். அந்தப் பொய்யை வெள்ளிக்கிழமை அப்பா தம் வாயாலேயே உறுதிசெய்யப் போகிறார். அதன் பிறகு அதை யாரும் அழிக்க முடியாது, அவராலும் முடியாது.

அப்படியும் என் சந்தேகம் முழுதும் விடவில்லை. வியாழக்கிழமை காலை எங்கள் ஊர் அரசு மருத்துவமனைக்குப் போய், அந்த மனிதர் சொன்னது உண்மைதானா என்று விசாரித்தேன். திங்கட்கிழமை மனநல மருத்துவர் பார்ப்பார், எட்டரைக்குச் சீட்டு வாங்க வேண்டும் என்றார்கள். யாருக்கு என்று கேட்டபோது, அப்பாவுக்கு என்றேன். அந்த வார்த்தை அவ்வளவு மெதுவாக வந்தது. மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.

அம்மா எளிதில் ஒப்பவில்லை. அந்த ஆள் யார், அவனுக்கு என்ன அக்கறை, கூட்டுச் சேர்ந்துகொண்டு கதை கட்டியிருந்தால் என்றாள். நானும் அன்று காலை வரை அப்படித்தான் நினைத்தேன் என்பதால் எனக்குக் கோபம் வரவில்லை. பேருந்து நிலையத்தில் கண்டதை ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அப்பா பையின் பின்னால் ஏறியதைச் சொன்னபோது அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள்.

“நீதான பொம்பள கொரல்னு வந்து சொன்ன” என்றாள்.

“நான் சொன்னது தப்பும்மா.”

“கூட்டத்த நிப்பாட்டினா, அப்ப உண்மைதான்னு பேசுவாகட்டி. ஒனக்கு இவியளத் தெரியாது.”

நிறுத்தவில்லை. நடக்கட்டும், பார்க்கலாம் என்றாள். எதைப் பார்க்கலாம் என்று சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை அப்பாவை அந்த மில் நண்பர் முன்னதாகவே வண்டி ஏற்றிவிட்டிருந்தார். கூடத்தில் அம்மா பாய் விரித்துக்கொண்டிருந்தாள். அப்பா பின்கட்டில் கால் கழுவிக்கொண்டிருந்தார். குழாயை மூட மறந்து நின்றார். நான் போய் மூடினேன். எங்கள் வீட்டில் இப்படிப்பட்ட பேச்சுக்குப் பழக்கமில்லை. தேர்வில் என்ன மதிப்பெண் என்று கேட்கும் குரலில் கேட்டேன்.

“அப்பா, செத்துப் போகணும்னு தோணுதா?”

அவர் திடுக்கிடுவார், திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் குழாயைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“காலைல முழிப்பு வராம இருந்தா நல்லதுன்னு தோணும்” என்றார். “வேற ஒண்ணும் செய்யணும்னு இல்ல. நான் ஒண்ணும் செய்ய மாட்டேன்.” பிறகு, “புஸ்தகத்தக் குடுத்துட்டேன்” என்றார், அதை அன்றுதான் தாமே கண்டுகொண்டவர் போல.

திங்கட்கிழமை ஓரிடத்துக்குப் போவோம், நானும் வருகிறேன் என்றேன். அவர் மூடிய குழாயை இன்னொருமுறை இறுக்கினார். நான் திரும்பியபோது அம்மா கதவோரம் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று இன்றுவரை கேட்கவில்லை.

ஆறு மணிக்குப் பதினொரு பெண்கள் வந்தார்கள். பாடினார்கள். கீழ்க்குரல் இல்லாத பாட்டு கூடத்தில் மேலே மேலே மிதந்தது. அப்பா சுவரோரம் நாற்காலியில் இருந்தார். வேதவாசிப்பு முடிந்தது. தலைவி நல்ல பெண்மணி; கனிவாகத்தான் கேட்டார்.

“அண்ணே, மனசுல என்ன பாரம் இருந்தாலும் ஆண்டவர் முன்னாடி எறக்கி வச்சிருங்க. நாங்க ஒங்க சகோதரிகதான்.”

அப்பா எழுந்தார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

“நான் பெரிய பாவிதான்” என்றார். “இவியளுக்கு நான்…”

அந்த நண்பர் சொன்னபடியே நடந்தது. அடுத்த சொல் எதுவாகவும் இருந்திருக்கும். பதினொரு முகங்களும் அதற்காகச் சாய்ந்தன.

“அவியளுக்கு ஒடம்பு சரியில்லக்கா” என்று அம்மா இடைமறித்தாள். பள்ளிக்கூடத்துக் குரல், பின்பெஞ்சு வரை கேட்கும் குரல். “மனசுக்குச் சொகமில்ல. பாவமும் இல்ல, ஒண்ணும் இல்ல. திங்கக்கெழம பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். அதுக்கு ஜெபம் பண்ணுங்க.”

சிலர் முகத்தில் நம்பாமை தெளிவாகத் தெரிந்தது. மறைக்கிறாள் என்று நினைத்திருப்பார்கள். தலைவி மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, மருத்துவர்களின் கைகளை ஆசீர்வதியும் என்று தொடங்கினார். அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. ஆனாலும் நல்ல ஜெபம். அப்பா நின்றபடியே கேட்டார். பிறகு உட்கார்ந்தார்.

கலைந்து போகும்போது அவர்களில் ஒருவர் வாசலில் செருப்பைத் தேடுவது போல் பின்தங்கினார். மற்றவர்கள் தெருவில் இறங்கியதும் என்னிடம், “என்ன கெழமைன்னு சொன்னா ஒங்கம்மா?” என்று கேட்டார். திங்கட்கிழமை, எட்டரை என்றேன். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்கும் பழக்கத்தை அன்று விட்டிருந்தேன்.

திங்கட்கிழமை அந்த நண்பரும் ராஜபாளையத்திலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தார். மருத்துவர் என்ன தொந்தரவு என்றதும் அப்பா, தலைவலி என்றார். அவர் எழுதிக்கொண்டு, வேறென்ன என்றார். முதுகுவலி. வேறென்ன. நான்காவது முறை, “வண்டி ஏற முடியல” என்றார் அப்பா. அதன் பிறகு எங்களை வெளியே இருக்கச் சொன்னார்கள். வெளியே பெஞ்சில் அம்மாவும் அந்த நண்பரும் நடுவில் ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். அம்மா அவரை ஓரக்கண்ணால் அளந்துகொண்டே இருந்தாள். கடைசியில், நாய் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

மருந்து பிடிக்கச் சில வாரம் ஆகும், நடுவில் நிறுத்தக் கூடாது, பேச்சுக்கென்று தனியாக வர வேண்டும் என்றார்கள். இது நோய்தான், குணமாகக்கூடிய நோய் என்று மருத்துவர் சொன்னதை அம்மா அவரையே இரண்டு முறை சொல்லவைத்தாள். வீட்டில் அந்த மாத்திரைகளையும் சந்தேகித்தோம். தூங்கினால் மருந்தின் மயக்கமோ என்றும், தூங்காவிட்டால் மருந்து வேலைசெய்யவில்லையோ என்றும். அப்பா ஒருநாள் சிரித்தார். எங்களுக்காகச் சிரித்திருப்பாரோ என்று எண்ணினேன். குறிப்பேட்டின் கடைசிப் பக்கங்களைக் கிழிக்கவில்லை. அவை தவறான பதிப்பின் முதல் படி, இருக்கட்டும்.

அக்டோபர் முதல் ஞாயிறு வந்தது. அப்பா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஆண்கள் பக்கம் எழுந்தார்கள். அவர் எழவில்லை. மருந்து தொடங்கி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. தகுதி இல்லை என்ற எண்ணம் அவ்வளவு சீக்கிரம் எழுந்து போய்விடுமா என்ன. எனக்கு முன்னிருந்த இருவரும் வழக்கம்போல் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

பெண்கள் பக்கத்தின் முறை வந்தது. எங்கள் வரிசை எழுந்தது. அம்மா எழவில்லை. பைபிளை மடியில் வைத்து, முழங்காலைச் சேர்த்து, கற்சிலை போல உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் அவள் காலைத் தாண்டிக்கொண்டு போனார்கள். ஓர் ஆசிரியை, முப்பது வருடத்தில் ஒருமுறையும் தவறாதவள், எழாமல் இருக்கிறாள். ஆலயம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. நானும் உட்கார்ந்தேன்.

வெளியே வேப்பமரத்தடியில் அப்பா எங்களுக்காக நின்றிருந்தார்.

“நீ ஏன் போகல?” என்று அம்மாவிடம் கேட்டார்.

“கால்வலி” என்றாள் அம்மா.

அப்பா அவளைச் சந்தேகத்தோடு பார்த்தார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு, ஓடும் இயந்திரத்தின் மேல் திருப்புளியை வைத்துக் கேட்கும் அந்தப் பழைய முகத்தோடு, நெடுநேரம் பார்த்தார்.